தராசை ஏமாற்றிய ரொட்டிக்காரர்

மூட்டை முதலாளி என்று சொன்னால்தான் அவரை ஊருக்குத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் அட்டையாகத் தொங்கியபோது, பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் வேறு யாருடைய கட்டிலுக்கோ வந்துவிட்டோம் என்று திரும்பிப் போகப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்புக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு மாவு மில்லில் மூட்டை தூக்கப் போனவர். எல்லாரும் ஒரு மூட்டை தூக்கிய இடத்தில் இரண்டு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறியவர். அந்த முதுகுதான் முதல். அதை வைத்து ஒரு அடுப்பு, அந்த அடுப்பை வைத்து ஒரு ரொட்டிக்கடை, அந்தக் கடையை வைத்து இரண்டாவது அடுப்பு. காலையில் தெருமுனை திரும்பினாலே வாசனை வந்து ஆளைக் கையைப் பிடித்து இழுத்துப் போகும். படித்தவர்கள் பத்துப் பேர் கூடி நின்று நடத்தினாலும் அந்தக் கடை ஒரு வாரம் தாங்காது. மெய்யாகவே தாங்காது.

இதையெல்லாம் யாரும் போய் விசாரிக்க வேண்டியதில்லை. அவரே சொல்லிவிடுவார். கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கு இன்னும் விரிவாகச் சொல்வார். "நான் மூட்டை தூக்கினப்போ" என்று பிடித்தாரானால் இரண்டாவது அடுப்பைப் பற்றவைக்கும் கட்டம் வரைக்கும் ஒரே ஓட்டம்தான். நடுவில் நிறுத்தம் கிடையாது. அவர் மனைவி முதலாளியம்மா மாவு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே இதைக் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் கையை நீட்டுவார், எந்த இடத்தில் தொடையைத் தட்டுவார் என்பது வரைக்கும் மனப்பாடமாக வைத்திருந்தாள். நடுவில் ஒரு தடவையாவது நிறுத்துங்கள், மாட்டிக்கொண்ட மனுஷன் தப்பித்துப் போகட்டும் என்று அவளும் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் முழங்கைக்குக் கீழே நீலம் நீலமாகத் திட்டுகள் வந்தன. மாவுத் தொட்டியில் இடித்துக்கொண்டேன் என்றார். பல் துலக்கினால் ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தது. புது பிரஷ் சரியில்லை என்றார். பிரஷ்ஷைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கினார். அதிலும் ரத்தம் வந்தது. கடைசியில் மகன்தான் ஏதோ கடைக் காரியம் என்று பொய் சொல்லி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ரத்தப் பரிசோதனைக்கு உட்கார வைத்தான். காலையில் ரத்தம் கொடுத்தார். மாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். முடிவு வந்ததும் ஆஸ்பத்திரிக்காரர்களே போன் செய்து, வீட்டுக்குப் போகவேண்டாம், நேரே வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா ஒல்லியாக, முகத்தில் பாதியை மூடுகிற கண்ணாடியோடு வந்தார். இந்தச் சின்னப் பெண்ணா எனக்கு வைத்தியம் பார்க்கப் போகிறது என்று முதலாளி மனைவியைப் பார்த்தார். வாயை மூடுங்கள் என்று மனைவி கண்ணாலேயே சொன்னாள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இது ரத்தப் புற்றுநோய் என்று சுற்றிவளைக்காமல் சொன்னார். ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் பிஞ்சிலேயே நின்றுபோய், பழுக்காமல் பெருகிக்கொண்டே போகின்றன. அதனால்தான் ரத்தம் உறைய மறந்து கண்ட இடத்தில் கசிகிறது. மாவு மில்லில் படி சரிந்து இரண்டு மூட்டையோடு விழப் பார்த்த அன்றைக்குக்கூட முதலாளிக்குக் கால் நடுங்கியதில்லை. இப்போது உட்கார்ந்த இடத்தில் நடுங்கியது.

டாக்டரம்மா அதைக் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு சொன்னார்:

"பயப்படாதீங்க ஐயா. ரத்தப் புற்றுல நாங்க ரொம்ப நம்பிக்கையா பேசுறது இந்த ஒரு வகையிலதான். உங்க அணு எண்ணிக்கையை எல்லாம் வச்சுப் பார்த்தா நீங்க ஆபத்து குறைஞ்ச பிரிவு. உங்களை மாதிரி பத்துப் பேர் வந்தா ஒன்பது பேர் முழுசா குணமாகிப் போயிடறாங்க."

அவ்வளவுதான். போன உயிர் திரும்பி வந்ததோடு நிற்காமல், வரும்போது இன்னும் நாலு உயிரைக் கூட்டிக்கொண்டு வந்தது. முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாம் வகுப்புப் பரீட்சையில் கோட்டை விட்டவன் ரத்தப் பரீட்சையில் முதல் பிரிவில் பாஸ் செய்துவிட்டேன் பார் என்று மனைவியின் தோளில் தட்டினார். அன்றைக்கே போனை எடுத்துக்கொண்டு மகன், மருமகன், மாவு மில்காரர், சர்க்கரை வியாபாரி, என்றோ சண்டை போட்டு முறைத்துக்கொண்டு போன பக்கத்துக் கடைக்காரர் என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டுப் பத்தில் ஒன்பது என்று முழங்கினார். கேட்டவர்களுக்கு அழுவதா, வாழ்த்துவதா என்று தெரியவில்லை. புற்றுநோய் வந்ததை லாட்டரி விழுந்த மாதிரி சொல்கிற ஆளிடம் வேறு என்னதான் பேசுவது?

மருந்து இரண்டு வகை. ஒன்று, பிஞ்சு அணுக்களைப் பழுக்க வைக்கிற மாத்திரை. இன்னொன்று சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுவது. அது என்னவென்று முதலாளி கேட்க, டாக்டரம்மா கொஞ்சம் தயங்கி, பாஷாணம்தான், அளவோடு கொடுத்தால் இந்த நோய்க்கு அதுவே மருந்து என்றார். முதலாளிக்குப் பெருமை பிடிபடவில்லை. மற்றவன் எல்லாம் பாஷாணத்தைத் தின்றால் சாவான், நான் தின்றால் பிழைப்பேன் என்றார். இத்தனை வருஷம் வாயால் கக்கினது எல்லாம் எங்கேயாவது திரும்பி உள்ளே போகத்தானே வேண்டும் என்றாள் முதலாளியம்மா. பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்த சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போவதற்கு முன்னால் டாக்டரம்மா ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். முதல் சில வாரம்தான் கண்டம். அணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திமுதிமுவென்று பழுக்கும்போது உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். அது நுரையீரலுக்குப் போய்விட்டால் ஆளையே சாய்த்துவிடும். எடை ஏறினாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ ஒளிக்காமல் உடனே சொல்ல வேண்டும். முதலாளி தலையாட்டினார். ஒரு காதுதான் அதைக் கேட்டது. இன்னொரு காதில் ஒன்பது, ஒன்பது என்று மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஆனால் சும்மா படுத்திருக்கிற மனுஷனுக்கு மூளை வேண்டாத வேலை பார்க்கும். கணக்கில் புலியான அவர் மல்லாந்து படுத்து யோசித்ததில் ஒன்று உறைத்தது. ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்றால் பத்தாவது ஆள் ஒருவன் இருக்க வேண்டுமே, அவன் யார்? அவன் இங்கேதானே எங்கேயாவது படுத்திருக்க வேண்டும்? எழுந்து உட்கார்ந்து வார்டை ஒரு சுற்றுப் பார்த்தார். அதே நோய், அதே மாத்திரை என்று அந்த வார்டில் இன்னும் ஒரே ஒருவர்தான் இருந்தார். அடுத்த கட்டில் தையல்காரர். இவருக்குச் சில நாள் முன்னால் வந்து சேர்ந்தவர். கழுத்தில் அளவு நாடா தொங்குகிற மாதிரியே எப்போதும் ஒரு துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, யார் போனாலும் தோள் அகலத்தைக் கண்ணால் அளப்பார்.

ஒருநாள் காலை தையல்காரருக்கு எடை பார்த்த சிஸ்டர் முகம் சுளித்தாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்தார், காலை அமுக்கிப் பார்த்தார், மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். மாத்திரையை நிறுத்துங்கள் என்றார். சொட்டு மருந்தையும் கழற்றினார்கள். மூக்கில் காற்றுக் குழாயை மாட்டிக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வேறு அறைக்குப் போனார்கள். பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆக, பத்தாவது ஆள் தையல்காரர்தான். மாத்திரைதான் ஆளைப் பிழைக்க வைக்கிறது என்றால், மாத்திரையை நிறுத்தியவன் கதி என்ன? கணக்கு நேராக இருந்தது. பாவம் என்று உச்சுக்கொட்டினார். வயிற்றுக்குள் இன்னொரு மூலையில், பத்தாவது இடம் நிரம்பிவிட்டது, இனி நமக்குக் கவலை இல்லை என்று ஒரு குட்டிச் சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அதை அவரே அதட்டி உட்கார வைத்தார்.

சில நாளில் தையல்காரர் அதே கட்டிலுக்குத் திரும்பி வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். எல்லாம் வடிந்துவிட்டது அண்ணே, மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். முதலாளி நம்பவில்லை. ஆறுதலுக்கு ஏதோ சுண்ணாம்பு உருண்டையைக் கொடுத்துவிட்டிருப்பார்கள் என்று நினைத்தார். அதற்காக அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட முடியுமா? ஜன்னலோர நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். தையல்காரர் சொன்ன கதைகளுக்கெல்லாம் குறுக்கே பேசாமல் 'உம்' கொட்டினார். முதலாளி பிறர் கதைக்கு 'உம்' கொட்டியது அவர் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. தையல்காரருக்கே சந்தேகம் வந்து, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று சிஸ்டரிடம் விசாரித்தார்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளியின் கன்னம் நிறையத் தொடங்கியது. வந்தபோது ஒட்டிப்போயிருந்த முகம் பளபளவென்று ஆயிற்று. பார்க்க வந்த முதலாளியம்மா வாசலிலேயே நின்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "உடம்பு பூசினாப்ல இருக்குங்க" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளையாக வந்து நின்ற அன்றைக்கு இப்படித்தான் இருந்தீர்கள் என்றாள். அவரும் விடாமல், அன்றைக்கு இதைவிடக் கொஞ்சம் சிவப்பு என்றார். மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள். கடைப் பையன்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, முதலாளி திரும்பி வந்தால் இரண்டு பங்கு சத்தம் போடுவார் என்று இப்போதே பயந்தார்களாம். ரொட்டிக்காரக் குடும்பம் இல்லையா? மாவு நன்றாகப் பொங்கி எழும்பினால்தான் ரொட்டி. தட்டையாகக் கிடந்தால் அது தோல்வி. ஆளுக்கும் அதே நியாயம்தான் என்பதில் அந்த இருவருக்கும் ஒரு சின்னச் சந்தேகம்கூட வரவில்லை.

ஆனால் முதலாளிக்குத் தராசு ஞாபகம் வந்தது. தினமும் காலையில் ஏற்றி நிறுத்துகிறார்களே, எடை கூடியிருந்தால் இந்த டாக்டர்ப் பிள்ளை மாத்திரையைப் பிடுங்கிக்கொள்ளுமே. நல்ல ரொட்டி எழும்பி வருகிற நேரத்தில் அடுப்பை அணைக்கிற வேலை. டாக்டரம்மாவுக்கு ரத்தம் தெரியும், ரொட்டி தெரியுமா? மாத்திரை போனால் ஒன்பது பேரில் தன் இடமும் போய்விடும் என்பது அவருக்குப் பட்டப்பகல் மாதிரி தெரிந்தது. அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

தராசு வார்டின் கோடியில், ஜன்னலுக்கு முன்னால் இருந்தது. ஏறி நின்றால் எதிரே சிவப்பில் எண் எரியும். ஜன்னல் திண்டு சரியாக இடுப்பு உயரம். மூட்டை தூக்கிய காலத்திலிருந்து எத்தனை தராசு பார்த்தவர் அவர்! மூட்டையின் அடியில் கால் கட்டைவிரலைக் கொடுத்து எடையைக் கூட்டுகிறவன் யார், விரல் நுனியில் தாங்கி எடையைக் குறைக்கிறவன் யார் என்று பத்தடி தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார். ஆனால் தன் கடையில் ஒரு துளி எடைகூட அவர் யாருக்கும் குறைத்துக் கொடுத்ததில்லை. தராசை ஏமாற்றத் தெரிந்த யோக்கியன் நான் ஒருவன்தான் என்று அதையும் பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தராசை ஏமாற்றினார். அதுவும் தன் எடையிலேயே ஏமாற்றினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிற மாதிரி வைத்து, இரண்டு விரலைத் திண்டில் ஊன்றி, துளியும் ஆடாமல் உடம்பை லேசாகத் தாங்கினார். எண் நேற்றைய இடத்திலேயே வந்து நின்றது. சிஸ்டர் குனிந்து எழுதிக்கொண்டபோது, உனக்கு எப்போதம்மா கல்யாணம் என்று வேறு பேச்சுக் கொடுத்தார்.

முதல் நாள் இரண்டு விரல் போதுமாக இருந்தது. அடுத்த நாள் மூன்று விரல் வேண்டியிருந்தது. அதற்கும் அடுத்த நாள் உள்ளங்கையையே ஊன்ற வேண்டிவந்தது. கால் குளிர்கிறது என்று தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டார். செருப்பு ஏறவில்லை, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறும் சாக்ஸோடு நடந்தார். தலையணை ஒன்று போதாமல் இரண்டு கேட்டு வாங்கினார். முதலாளிமார் உயரமாகப் படுப்பதுதான் வழக்கம் என்று தையல்காரரிடம் சொன்னார். உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று அவருக்கும் மெல்ல உறைக்கத்தான் செய்தது. ஆனால் மாத்திரை வேளை தவறாமல் வருகிறது, ஒன்பதில் இடம் பத்திரமாக இருக்கிறது என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

அன்றைக்குப் பிற்பகல் முதலாளியம்மா வந்திருந்தாள். தரை துடைக்கப் புதிதாக வந்திருந்த ஆள், ஐயா என்ன தொழில் பார்க்கிறீர்கள் என்று ஒரு மரியாதைக்குக் கேட்டுவிட்டான். தையல்காரர் அவசரமாகத் துண்டை எடுத்து முகத்தை மூடிப் படுத்துக்கொண்டார். முதலாளியம்மா பெருமூச்சு விட்டுக் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"நான் மூட்டை தூக்கினப்போ," என்று முதலாளி பிடித்தார், "எல்லாரும் ஒண்ணு தூக்குவான், நான் ரெண்டு..."

நின்றார். வாயைத் திறந்து காற்றை இழுத்தார்.

"ரெண்டு மூட்டைய... முதுகுல... வச்சு..."

மறுபடியும் நின்றார். கை நீட்ட வேண்டிய இடத்தில் கையை நீட்டாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளியம்மாவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. நடுவில் ஒரு தடவையாவது நிற்கக்கூடாதா என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் வேண்டியது இதைத்தான். கிடைத்ததும் பையைக் கீழே போட்டுவிட்டாள். எழுந்து அவர் கால்மாட்டுக்குப் போனாள். என்ன, என்ன என்று அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்க்க, அவள் ஒரே இழுப்பில் சாக்ஸை உருவினாள். கணுக்கால் இருந்த இடமே தெரியவில்லை. முதலாளியம்மா ஒரு விரலை வைத்து அந்தக் காலை அமுக்கினாள்.

அவள் கைக்கு அது பழகிய காரியம். ஒவ்வொரு காலையும் மாவு மேஜையில் அதைத்தான் செய்வாள். பொங்க வைத்த மாவில் விரலை அமுக்குவாள். பள்ளம் மெல்ல மேலே வந்தால் பதம் சரி, அடுப்புக்குப் போகலாம். பள்ளம் பள்ளமாகவே நின்றால் மாவு எல்லை மீறிப் பொங்கிவிட்டது. இனி தொட்டால் பொசுக்கென்று உட்கார்ந்துவிடும். முதலாளியின் காலில் விழுந்த பள்ளம் மேலே வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அது வரவே இல்லை.

"இது பூசின உடம்பு இல்லைங்க," என்றாள். "மாவு மீறிப் போச்சு."

நேரே போய்ச் சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எடை நேற்று மாதிரியேதானே இருந்தது என்று சிஸ்டர் குழம்பினாள். அவர் தராசில் எப்படி நின்றார் என்று முதலாளியம்மா கேட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்று சிஸ்டர் சொல்லி முடிப்பதற்குள், புருஷனின் தராசு ஞானம் முழுக்கத் தெரிந்த மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. தராசை வார்டின் நட்ட நடுவில் இழுத்துப் போடச் சொன்னாள். முதலாளி அதில் ஏறிக் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, திருடன் பிடிபட்ட மாதிரி நின்றார். சிவப்பு எண் ஏறியது, இன்னும் ஏறியது. பார்த்த சிஸ்டர் போனை நோக்கி ஓடினாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. மூக்கில் காற்றுக் குழாய் ஏறியது. கட்டிலுக்கே வண்டியைக் கொண்டுவந்து மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். வீக்கத்துக்கு ஒரு ஊசி, நீர் இறங்க ஒரு ஊசி. டாக்டரம்மா மாத்திரையையும் சொட்டு மருந்தையும் நிறுத்தச் சொன்னார். முதலாளி பயந்தது அப்படியே கண்முன்னே நடந்தது. மூக்கில் குழாயோடு அவர் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப... நான்தானாம்மா அந்தப் பத்தாவது ஆளு?"

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. முதலாளி மூச்சு வாங்க வாங்கத் தையல்காரர் முதல் தராசு வரைக்கும் தன் கணக்கை ஒப்பித்ததும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோபம்தான், ஆனால் உதட்டோரம் ஒத்துழைக்கவில்லை.

"பத்தாவது ஆள்னு நாங்க யார் நெத்தியிலயும் எழுதி வைக்கிறதில்லை ஐயா. மாத்திரையை நாலு நாள் நிறுத்தினா நோய் ஒண்ணும் ஜெயிச்சுடாது. நீர் வடிஞ்சதும் திரும்பத் தருவோம். இன்னும் ரெண்டு நாள் விரலை ஊன்றி நின்னிருந்தீங்கன்னா, அந்தப் பத்தாவது இடத்துல நீங்களே போய் உட்கார்ந்திருப்பீங்க. உங்க கடையில இப்படி எடையில ஏமாத்தினவனை என்ன பண்ணுவீங்க?"

"அன்னிக்கே... கணக்கு முடிச்சு... அனுப்பிடுவேன்," என்றார் முதலாளி, இரண்டு இடத்தில் நின்று.

"நான் அனுப்ப மாட்டேன்," என்றார் டாக்டரம்மா. "இங்கேயேதான் இருக்கணும்."

தையல்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஜன்னலோர நாற்காலி எதற்காகக் கிடைத்தது என்பது இப்போதுதானே அவருக்கு விளங்கியது? நான் பத்தாவது ஆளாண்ணே என்று கேட்டுக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு, நீங்கள் நாளுக்கு நாள் ஊதுவதைப் பார்த்து நானும் உங்களைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன், வாய் நிறையப் பேசுகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன் என்றார். இருவரும் ஒருவர் சாவுக்காக ஒருவர் இரக்கப்பட்டு, மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்த கதை தெரிந்ததும் முதலாளியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நீர் இறங்கியது. எப்படி இறங்கியது என்பதை இங்கே எழுத முடியாது. வார்டுக் கழிப்பறைக் கதவுக்குக் கீல் தேய்ந்தது என்று மட்டும் சொல்லலாம். மூச்சு திரும்பியது. கணுக்கால் தலை காட்டியது. ஆனால் வீக்கத்துக்குப் போட்ட அந்த ஊசிக்கு இன்னொரு குணம் உண்டு. உள்ளே போனவனைச் சும்மா இருக்க விடாது. பசி எடுக்கும், தூக்கம் ஓடிப்போகும், தலைக்குள் வாண வேடிக்கை நடக்கும். சாதாரண ஆளையே ஆட்டிப் படைக்கிற ஊசி மூட்டை முதலாளிக்குள் போனால் என்ன ஆகும்?

ஆஸ்பத்திரி வாசலில் மூன்றாவது கடை திறப்பதென்று முடிவு செய்தார். வார்டில் எந்தச் சுவரை இடித்தால் அடுப்பு வைக்கலாம் என்று அளந்தார். நாடா கேட்டுத் தையல்காரரை உலுக்கி எழுப்பினார். சிஸ்டருக்கு மாப்பிள்ளை பார்த்தார், ஒரே நாளில் மூன்று பேரைப் பார்த்து மூன்று பேரையும் அவரே வேண்டாம் என்று தள்ளினார். தரை துடைக்கிறவனைப் பிடித்து உட்கார வைத்து, பாதியில் நின்றுபோன கதையைத் தொடக்கத்திலிருந்து பிடித்து, இரண்டாவது அடுப்பையும் தாண்டி, இன்னும் கட்டாத மூன்றாவது அடுப்பு வரைக்கும் ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்தார். அவனும் பாவம், துடைப்பத்தைப் பிடித்தபடியே கண்ணைத் திறந்துகொண்டு தூங்கினான். பக்கத்துக் கடைக்காரருக்குப் போன் போட்டுப் பழைய சண்டையை மன்னித்தார். சண்டையில் தப்பு யார் பேரில் என்று பேச்சு வந்ததும் அதே போனிலேயே புதுச் சண்டையும் போட்டார்.

"டாக்டரம்மா, ஒண்ணு இவருக்கு அந்த ஊசியை நிறுத்துங்க," என்றாள் முதலாளியம்மா. "இல்லைன்னா எனக்கும் ஒண்ணு போடுங்க. சரிக்குச் சரி பேசவாவது முடியும்."

சொல்லும்போதே சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அன்றைக்கு அந்தக் காலில் விரலை அமுக்கினாளே, அந்தப் பள்ளம் அவள் கண்ணுக்குள்ளேயேதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். முதலில் சாக்ஸை உருவி, விரலை வைத்து அமுக்குவாள். சதை சட்டென்று மேலே வந்தால்தான் நாற்காலியில் உட்காருவாள். மனுஷனை மாவு மாதிரி அமுக்குகிறாளே என்று அவர் புலம்பிக்கொண்டே காலை நீட்டிக் கொடுப்பார்.

மாத்திரை திரும்ப வந்தது. சொட்டு மருந்தும் வந்தது. எடை பார்க்கிற நேரம் வந்தால் முதலாளி கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தராசில் ஏறினார். கீழே இறக்குங்கள், யாரும் துப்பாக்கி காட்டவில்லை என்று சிஸ்டர் சொன்னாலும் கேட்கவில்லை. தையல்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னார்.

வாரங்கள் போய், இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு சொல்ல டாக்டரம்மா தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையும் மூன்று நாற்காலியும் மட்டும் கொண்ட சின்ன அறை. முதலாளி வாழ்க்கையில் அவ்வளவு அமைதியாக எங்கேயும் உட்கார்ந்ததில்லை. முதலாளியம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், நிமிர்ந்தார், சுற்றிவளைக்கவில்லை. மஜ்ஜையில் கெட்ட அணு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வேலை இன்னும் முடிந்துவிடவில்லை, இன்னும் சில மாதம் விட்டு விட்டு மருந்து ஏற்ற வேண்டும், அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். ஆனால் வீட்டுக்குப் போகலாம்.

முதலாளியம்மா குனிந்து மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. முதலாளி அவள் முதுகில் கையை வைத்தார். ஒரு தடவை கனைத்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, சந்தையில் மாவு வாங்க உட்கார்ந்த தோரணைக்கு வந்துவிட்டார்.

"அப்ப இப்போ பத்துக்கு எத்தனை?"

"முன்னைக்கு இப்போ இன்னும் நல்லா இருக்கு ஐயா. கண்டத்தைத் தாண்டிட்டீங்க."

"நல்லான்னா எத்தனை? பத்துக்குப் பத்துன்னு சொல்லிடுங்களேன். நானும் நிம்மதியா போறேன், நீங்களும் அடுத்த ஆளைப் பாருங்க."

"அப்படி யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"ஒன்பதரை?"

"ஐயா, இது என்ன ஏலமா?"

"ஒன்பதரைக்கு மேலதான் இருக்கும்னு உங்க முகமே சொல்லுது. வாயாலயும் சொல்லிடுங்க."

டாக்டரம்மா முதலாளியம்மாவைப் பார்த்தார். அவள் நெற்றியை மேஜையிலிருந்து எடுத்து, இது இப்போதைக்கு விடாது, எதையாவது சொல்லி அனுப்பிவிடுங்கள் என்கிற மாதிரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சரி, ஒன்பதே முக்கால்," என்றார் டாக்டரம்மா. "மருந்தை ஒரு வேளை விட்டீங்கன்னா, ஒரு தராசை ஏமாத்தினீங்கன்னா, அதுவும் கிடையாது."

முதலாளி எழுந்தார். கை கூப்பினார். வெளியே வந்து தையல்காரரிடம் சொன்னார், சிஸ்டரிடம் சொன்னார், தரை துடைக்கிறவனைத் தேடினார். அவன் அவரைத் தூரத்தில் பார்த்ததும் வாளியோடு படி இறங்கிப் போய்விட்டான். படிக்கட்டு வந்ததும் மனைவி பிடிக்க வந்த கையைத் தள்ளிவிட்டுத் தானே இறங்கத் தொடங்கினார். பாதிப் படியில் நின்றார். பிறகு திரும்பி மேலே ஏறப் பார்த்தார்.

"எங்க போறீங்க?" முதலாளியம்மா சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துவிட்டாள்.

"இல்ல, பத்துக்கு மிச்சம் கால்தானே, அதை எதுக்கு விடணும்? இன்னும் கொஞ்சம் பேசினா அந்தப் பிள்ளை தந்துடும்."

"கிடைச்சதை வாங்கிட்டு வாங்க," என்றாள் அவள். சட்டையை விடாமல், மாவு மூட்டையை இழுக்கிற மாதிரி அவரைக் கீழே இழுத்துக்கொண்டு போனாள்.